பூவைப் பார்த்துப் போடும் விலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு வணிகப் பக்கத்தில் ஒரு கணினி நிறுவனத்தின் பங்குச் சரிவுக்கு 'முதலீட்டாளர்கள் கோபம்' என்று தலைப்பிட்டிருந்தீர்கள். இன்னொரு நிறுவனத்தை வாங்கப்போவதாக அது அறிவித்ததாம், பங்கு விழுந்ததாம். கணினி விற்பனை இனி மந்தமாக இருக்கும் என்று அதே நாளில் அந்த நிறுவனமே சொன்னது கடைசிப் பத்தியில் ஒரே வரியாக வருகிறது. விழுந்தது எதற்காக?

கோபமே இல்லாமல் விலையைக் குறைப்பவர்களைக் கிருஷ்ணகிரியில் ஆண்டுதோறும் பார்க்கிறோம். தை மாதம், காய்ப்பை மொத்தமாக விலைபேசும் குத்தகைக்காரர் எங்கள் மாந்தோப்புக்கு வருவார். பெங்களூரா மாமரத்தடியில் நின்று அண்ணாந்து பார்ப்பார். ஒரு பூங்கொத்தைப் பிடித்து உள்ளங்கையில் தட்டுவார். பூவைக் கெடுக்கும் தத்துப்பூச்சி விழுந்தால் பேச்சு குறையும், விலையும் குறையும். என் தந்தையின் மேல் அவருக்கு என்ன கோபம்? ஆனி மாதத்தில் மாங்கூழ் ஆலை என்ன விலை கொடுக்கும் என்று மனத்துக்குள் ஒரு கணக்குப் போடுகிறார், அவ்வளவுதான். பங்கு வாங்குபவரும் அதைத்தான் செய்கிறார்.

பழைய உதாரணம் ஒன்று சொல்கிறேன். 2011 ஆகஸ்ட் 18 அன்று ஹெச்.பி. என்ற அமெரிக்கக் கணினி நிறுவனம் நான்கு செய்திகளை ஒன்றாக அவிழ்த்துவிட்டது: ஆட்டானமி என்ற பிரிட்டிஷ் மென்பொருள் நிறுவனத்தை ஆயிரம் கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்குகிறோம், கணினிப் பிரிவைத் தனியே பிரித்துவிடலாமா என்று யோசிக்கிறோம், டச்பேட் என்ற எங்கள் டேப்லெட்டை நிறுத்துகிறோம், ஆண்டு வருவாய் முன்பு சொன்ன அளவுக்கு வராது. மறுநாள் பங்கு சுமார் 20 சதவீதம் விழுந்தது. தலைமை நிர்வாகி அடுத்த மாதமே மாற்றப்பட்டார். கணினிப் பிரிவை விடுவதில்லை என்று அக்டோபரில் முடிவானது. ஆட்டானமி மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது. சந்தையில் இருந்த விலையைவிட 64 சதவீதம் கூடுதலாகக் கொடுத்து வாங்கியதில், 2012 நவம்பரில் 880 கோடி டாலரை நட்டக் கணக்கில் எழுத வேண்டியதாயிற்று.

சந்தை எப்போதும் சரியாகத்தான் மோப்பம் பிடிக்கும் என்றும் சொல்லமாட்டேன். 2001 செப்டம்பரில் காம்பேக் என்ற இன்னொரு கணினி நிறுவனத்தை வாங்குவதாக அறிவித்தபோதும் ஹெச்.பி. பங்கு ஒரே நாளில் இதே போல் அடிவாங்கியது. ஆனால் 2006-இல் டெல்லை முந்தி உலகில் அதிகக் கணினி விற்கும் நிறுவனமாக அது நின்றது. (பங்கு வைத்திருந்தவருக்கு அதில் என்ன மிஞ்சியது என்பது வேறு கணக்கு.) அன்று வாங்கப்படும் காம்பேக்கின் பங்கும் சேர்ந்தே விழுந்தது. காரணம், பணத்துக்குப் பதில் ஹெச்.பி. பங்குகளையே கொடுப்பதாக ஒப்பந்தம். கொடுக்கும் காசே தேய்ந்தால் விற்பவருக்கு என்ன கிடைக்கும்? ரொக்கமா, பங்கா, சந்தை விலைக்கு மேல் எத்தனை சதவீதம் என்ற விவரங்கள் உங்கள் செய்தியில் இல்லை. 'கோபம்' மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது.

விற்பனை மந்தம் என்ற அந்த ஒற்றை வரிக்கு என் பழுதுநீக்கும் மேசையே சாட்சி. பழைய மடிக்கணினியில் வன்தட்டைக் கழற்றி எஸ்.எஸ்.டி. என்ற வேகமான சேமிப்பகத்தைப் போட்டு, ராம் என்ற நினைவகத்தை இரட்டிப்பாக்கிக் கொடுத்தால் இன்னும் நான்கு ஆண்டு ஓடுகிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, இந்த இயந்திரம் 11-ஐ ஏற்காது என்று சொன்னால், "ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் சார்" என்கிறார்கள். புதியது வாங்குபவர் குறைவு.

நிறுவனம் கைமாறினால் உதிரிபாகம் என்ன ஆகும் என்பதையும் ஒருமுறை எழுதுங்கள். பெயர் வேண்டாம், கைமாறிய ஒரு நிறுவனத்தின் மடிக்கணினிக்கு மூடிக் கீல் கேட்டு 47 நாள் காத்திருந்தேன். உத்தரவாதம் பாக்கி இருந்தும் பழைய எண் எடுக்கவில்லை, புதிய எண் எங்களைத் தெரியாது என்றது. கடைசியில் பெங்களூருக்குப் பஸ் ஏறி, மின்னணு உதிரிபாகக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் ஒரு பழைய இயந்திரத்திலிருந்து கழற்றிய கீலை 350 ரூபாய்க்கு வாங்கி வந்து மாட்டினேன். இடப்பக்கக் கீல் மட்டும் சற்று இறுக்கம்.

இப்படிக்கு,
கணினி பழுதுநீக்கும் வாசகர்,
பழையபேட்டை, கிருஷ்ணகிரி.