காற்று ஓய்ந்ததும் வெளியே வராதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

1964 டிசம்பரில் வவுனியாவை ஊடறுத்துப் போய்த் தனுஷ்கோடியை அழித்த புயலையும், 2020இல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையே கரைகடந்த புரெவியையும் கண்டது வன்னி. இந்த மாரிக்கு முன் இரண்டு விடயங்களைச் சொல்ல வேண்டும்.

கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன் 1848இல் ‘சைக்ளோன்’ என்று பெயரிட்டது பாம்பின் சுருளை நினைத்துத்தான். நமது பக்கத்தில் அந்தச் சுருள் இடஞ்சுழி, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். கிழக்கிலிருந்து வரும் புயலின் நடுப்பகுதி வீட்டுக்கு மேலால் கடந்தால், முதலில் வடக்குக் காற்று அடிக்கும். பிறகு ஓய்ந்துவிடும், வானமும் வெளிக்கலாம். மாட்டைப் பார்க்க வெளியே போகாதீர்கள். சற்று நேரத்தில் தெற்கிலிருந்து அதே மூர்க்கத்தோடு திரும்ப அடிக்கும். வேர் இளகி நின்ற மரங்கள் அப்போது விழும்.

அடுத்தது கூரை. காற்றின் வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு. தகரத்தைக் காற்று மேல்நோக்கி உறிஞ்சுகிறது, ஓரமும் மூலையும்தான் முதலில் கிளம்பும். வழுவழுப்பான ஆணி மரத்திலிருந்து உருவி வந்துவிடும். ஆணி நின்றாலும் தகரம் அதன் தலையைச் சுற்றிக் கிழியும். அகன்ற வாசர் போட்ட திருகாணி பூட்டுங்கள், ஓரங்களில் நெருக்கமாக. கைமரத்தைச் சுவரில் இறுக்கிய வளைமரத்தோடு கம்பியால் கட்டுங்கள். தகரத்தை மட்டும் இறுக்கினால் கூரை முழுதாகவே கிளம்பும்.

புயல் செய்தி போடும்போது, காற்று எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு மாறும் என்பதையும் உங்கள் பத்திரிகை எழுத வேண்டும்.

வாசகர்,
ஒட்டுசுட்டான்