அதே மைக்கில் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய கோயில் கமிட்டித் தலைவர் அவர்களுக்கும் கமிட்டிப் பெரியவர்கள் அனைவருக்கும்,

வணக்கம். உங்களில் பலரைப் பெரியப்பா, மாமா என்று முறை சொல்லிக் கூப்பிட்டு வளர்ந்தவள் நான். இதை நேரிலேயே பேசியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். நேரில் வந்தேன். "திருவிழா முடிஞ்சு போச்சு, இனி எதுக்குக் கிளறிக்கிட்டு, விடும்மா" என்று அனுப்பிவிட்டீர்கள். எங்கள் வீட்டில் அது இன்னும் முடியவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அம்மன் ஊர்வலத்தன்று மைக்கில் என்ன சொன்னீர்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். செண்டைக்காரர்களுக்கு முன்னால் என் தம்பி தனக்குத்தானே பேசிக்கொண்டு நின்றான். யார் மேலும் கை வைக்கவில்லை, யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "கிறுக்குப் பிடிச்சவங்களை வீட்டுக்காரங்க வீட்டோட பூட்டி வைக்கணும், சாமி காரியத்துக்குள்ள விடக்கூடாது" என்று அறிவிப்பு வந்தது. நம் தேயிலை ஃபாக்டரிப் பக்கத்து மரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் அது மேல் டிவிஷன் வரைக்கும் கேட்டது. அதே ராத்திரி குடித்துவிட்டு டியூப் லைட்டை உடைத்துச் சண்டை போட்டவர்களைப் பற்றி மைக்கில் மூச்சு இல்லை. அவர்களைக் கைத்தாங்கலாக வீட்டில் கொண்டுபோய் விட்டீர்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த ஊர்க் கூட்டத்தில், அதே மைக்கில், அப்படிச் சொன்னது தவறு என்று சொல்லுங்கள். அது நோய், அதற்கு மருந்து இருக்கிறது, அந்த வீட்டு ஆட்களும் நம் ஆட்கள்தான் என்று சொல்லுங்கள்.

தம்பிக்கு இருப்பது மனச்சிதைவு. நோயின் பெயரைச் சொல்லியே எழுதுகிறேன். எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன், எழுது என்றான். நம் காதில் விழாத குரல்கள் அவனுக்கு நாம் பேசுவது போலவே தெளிவாகக் கேட்கும். 18, 20 வயதில், அதுவரை நன்றாக இருந்த பிள்ளைக்குத் தொடங்குகிற நோய் இது. செய்வினையும் இல்லை, வளர்த்த குறையும் இல்லை. மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் அவனுக்குக் குரல்கள் அடங்கும், வேலைக்குப் போவான். விட்டால் திரும்ப வரும். திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார்கள். அவர்கள் முன்னால் மாத்திரை எடுக்கக் கூசி விட்டுவிட்டான். ஊர்வலத்தில் நீங்கள் பார்த்தது அதைத்தான்.

வரிசையாக ஒட்டிக் கட்டிய எஸ்டேட் லயத்தில் ஒரு வீட்டில் இருமினால் நாலாவது வீட்டில் கேட்கும். அப்படிப்பட்ட லயத்தில் ஒரு நோயை வருஷக்கணக்காக மறைக்க என்ன பாடு படவேண்டும் என்று என் அம்மாவைக் கேளுங்கள். வண்டிப்பெரியாற்றில் மருந்து வாங்கினால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று கேரள எல்லையில் குமுளி தாண்டித் தமிழ்நாட்டுக் கம்பத்துக்குப் பஸ் ஏறுவோம். கேட்டவர்களுக்குக் காதுகுத்து, வளைகாப்பு என்று ஒரு பதில். வீட்டுக்கு வந்ததும் அம்மா மாத்திரைகளை அட்டையிலிருந்து உதிர்த்து, அப்பாவின் பிரஷர் மாத்திரை டப்பா மாதிரியே இருக்கும் ஒரு டப்பாவில் போட்டு வைப்பார். பெயர் அச்சடித்த அட்டை அடுப்புக்குள் போய்விடும்.

ஒரு நாள் விடிகாலையில் அப்பா டப்பா மாறித் தம்பியின் மாத்திரையை விழுங்கிவிட்டார். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் மஸ்டருக்குப் போகிற வழியில் தலை சுற்றி விழுந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் தூக்கிக்கொண்டு எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். "என்ன மாத்திரை சாப்பிட்டார்?" என்று நர்ஸ் திரும்பத் திரும்பக் கேட்கிறார். டப்பாவைப் பார்த்துவிட்டு வந்த அம்மாவுக்குத் தெரியும். ஆனால் தூக்கி வந்தவர்கள் சுற்றி நிற்கிறார்கள். கொழுந்துக் கறை ஏறிய விரல்களால் முந்தானையைப் பிசைந்துகொண்டு, "தெரியலையேம்மா" என்றார். எல்லோரையும் வெளியே அனுப்பிய பிறகுதான் வாய் திறந்தார். அப்பா பிழைத்துக்கொண்டார். புருஷன் கண் திறக்காமல் கிடக்கும்போதுகூட மகனுக்கு என்ன நோய் என்று சொல்ல ஒரு தாய்க்கு வாய் வரவில்லை. அந்தப் பயத்தை அவருக்கு யார் கொடுத்தது, பெரியப்பா?

2020 ஊரடங்கில் எல்லையை அடைத்தபோது கம்பத்துக்குப் போக முடியவில்லை. அப்போதுதான் இங்கேயே நடக்கும் மாவட்ட மனநலத் திட்டத்தின் கிளினிக்குக்குப் போனோம். மருந்து இலவசம். வரிசையில் நம் எஸ்டேட் ஆட்களே நின்றிருந்தார்கள். பார்த்ததும் ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பிக்கொண்டோம். 2015-16இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை 12 மாநிலங்களில் எடுத்த தேசிய மனநல ஆய்வில் கேரளமும் தமிழ்நாடும் உண்டு. வயது வந்தவர்களில் 100க்கு 10 பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாகவும், அவர்களில் மிகப் பெரும்பாலோர் சிகிச்சைக்கே வருவதில்லை என்றும் அது சொன்னது. நம் லயங்களில் எத்தனை வீடு என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். எத்தனை சாவுக்கு "வயித்துவலி" என்று சொல்லிப் பாடை கட்டியிருக்கிறோம்! மனசு தாங்காதவர்கள் எந்த நேரமும் தமிழிலேயே பேச 14416 என்று ஓர் இலவச அரசு எண் 2022 முதல் இருக்கிறது. அது கோயில் நோட்டீஸ் போர்டில் இல்லை.

சோட்டாணிக்கரைக்குக் கூட்டிப் போ, குணசீலத்துக்குப் போ, ஏர்வாடியில் விட்டுவிடு என்று வழி சொல்ல மட்டும் ஆள் இருந்தார்கள். சாமி கும்பிடுவதில் எனக்கு மறுப்பு இல்லை, நாங்களும் கும்பிடுகிறவர்கள்தான். ஆனால் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டி வைத்திருந்தவர்கள் ஓட வழியில்லாமல் கிடந்தார்கள். 28 பேர் செத்தார்கள். பூட்டி வையுங்கள் என்று மைக்கில் சொல்வதற்கு முன்னால் அதை ஒரு நிமிஷம் நினைத்திருக்கலாம். 2017 மனநலச் சட்டப்படி மனநோயாளியைச் சங்கிலியில் கட்டவே கூடாது.

நம் கமிட்டியில் ஒருவருக்கு இருதய ஆபரேஷன் என்றபோது இதே மைக்கில் அறிவித்து லயம் லயமாக வசூல் செய்தீர்கள். என் அம்மாவும் சம்பளத்திலிருந்து கொடுத்தார். சந்தோஷமாகத்தான் கொடுத்தார். இருதயத்துக்கு ஊரே கூடும், மூளைக்கு வந்தால் கதவைப் பூட்டு என்றால் அது என்ன நியாயம்?

அரசாங்கத்தின் மேலும் எனக்குக் கோபம் உண்டு. நோயையும் சிகிச்சையையும் நோயாளிக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும் என்று அந்த 2017 மனநலச் சட்டமே சொல்கிறது. எங்கள் கைக்கு வந்த நோட்டீஸ் எல்லாம் மலையாளத்தில். தமிழை மட்டும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற அம்மாவுக்கு சுகாதாரப் பணியாளரான ஆஷா அக்கா உட்கார்ந்து சொல்லித்தான் புரிந்தது. ஓட்டுக் கேட்டு வரும்போது மட்டும் தமிழ் போஸ்டர் அச்சடிக்க எல்லாக் கட்சிக்கும் முடிகிறது. சரி, அவர்களை அப்புறம் கேட்கலாம். இப்போது உங்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் ஊர் கேட்கும். அன்றைக்கு மைக்கில் சொன்னதைக் கேட்டுத்தான் மறுநாள் சின்னப் பிள்ளைகள் தம்பியைப் பார்த்துக் கல் எடுத்தார்கள். அதை மாற்றவும் உங்கள் வார்த்தைதான் வேண்டும்.

கிளினிக்குக்கு வரும் டாக்டரிடம் பேசிவிட்டேன். தமிழ் நன்றாகப் பேசுவார், ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊர்க் கூட்டத்துக்கு வருகிறேன் என்றிருக்கிறார். முதலில் நீங்கள் மைக்கைப் பிடித்து அந்த அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள், பிறகு அவர் பேசட்டும். தம்பி வருவான், அம்மாவும் வருவார். எந்த ஞாயிறு என்று கமிட்டி கூடி முடிவெடுத்துச் சொல்லும்படி மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் லயத்து மகள்,
வண்டிப்பெரியாறு