அறிவித்தலை எழுத்தாகப் போடுங்கள்: எங்கள் பிரதேச செயலகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பிரதேச செயலாளர் அவர்களுக்கும், அலுவலகத்தின் பேஸ்புக் பக்கத்தையும் வட்ஸ்அப் குழுக்களையும் கவனித்து வரும் உத்தியோகத்தர்களுக்கும்,

வணக்கம்.

மாற்றுத்திறனாளிகளுக்கான சுயதொழில் உதவி விண்ணப்பம் தொடர்பாக எழுதுகிறேன். நடந்தது உங்களுக்குத் தெரியும். என் அக்கா அலுவலகத்துக்கு நேரில் வந்து கேட்டபோது முடிவு திகதி கடந்துவிட்டது என்றீர்கள். "பேஸ்புக்கில போட்டனாங்கள்தானே, நீங்கள் பாக்கேல்லையோ?" என்று உங்கள் உத்தியோகத்தர் ஒருவர் கேட்டார். மனம் நோகட்டும் என்று அவர் அப்படிக் கேட்கவில்லை என்றே நம்புகிறேன். ஆனால் கையில் வெள்ளைப்பிரம்போடு நிற்கும் ஒருவரிடம் கேட்ட கேள்வி அது. அக்கா பதில் சொல்லாமல் திரும்பி வந்துவிட்டார். அந்தப் பதிலை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அக்கா உங்கள் பேஸ்புக் பக்கத்தைத் தொடர்பவர்தான். அவருக்குக் கண் தெரியாது; திரையிலுள்ள எழுத்தைப் போன் வாசித்துச் சொல்லும். அந்த அறிவித்தல் அவருடைய போனுக்கும் வந்தது. 'எழுத்துள்ள ஒரு படமாக இருக்கலாம்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போன் நிறுத்திக்கொண்டது. ஏனென்றால் நீங்கள் போட்டது அறிவித்தல் பலகையில் ஒட்டிய தாளின் புகைப்படம். சற்றுச் சரிந்தபடி எடுத்த படம். கீழே இறப்பர் முத்திரை, கையொப்பம். அதற்கு மேலே நீங்கள் எழுதிய வரி, 'அனைவருக்கும் பகிரவும்' என்பது மட்டுமே. உதவி யாருக்கு, என்னென்ன ஆவணம் வேண்டும், எந்தத் திகதிக்கு முன் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் படத்துக்குள் இருந்தன. கண் தெரியாதவர்களுக்கும் உரிய ஓர் உதவியைப் பற்றிய அறிவித்தலை, கண் தெரிந்தவர்கள் மட்டும் வாசிக்கும்படி போட்டிருக்கிறீர்கள்.

அக்கா மிளகாய்த்தூள் வறுத்து விற்றுப் பிழைக்கிறார். மிளகாயும் மல்லியும் எந்தப் பதத்தில் இறக்க வேண்டும் என்பது வாசத்திலேயே அவருக்குத் தெரியும். ஓடர்கள் வட்ஸ்அப்பிலும் வைபரிலும் வருகின்றன. அண்ட்ரொயிட் போனில் உள்ள டோக்பேக் அவற்றை வாசித்துச் சொல்லும்; அவர் குரலால் பதில் எழுதுவார். யார் எத்தனை கிலோ கேட்டார், யார் காசு தர வேண்டும் என்ற கணக்கும் போனில்தான். அரைப்பதற்கு மட்டும் மில்லுக்குத்தான் போக வேண்டும். அங்கே காத்திருக்க வேண்டும், போகவர ஓட்டோவுக்குக் கொடுக்க வேண்டும். வீட்டில் ஒரு சிறிய அரைக்கும் இயந்திரம் இருந்தால் அந்தக் காசு மிஞ்சும். அதற்காகத்தான் இந்த உதவிக்கு அவர் காத்திருந்தார்.

வீட்டில் யாராவது வாசித்துச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். அலுவலகத்தில் அப்படியும் ஒருவர் சொன்னார். நான் வேலைக்காக வெளியூரில் இருக்கிறேன். அம்மாவுக்குச் சிறிய எழுத்து தெரியாது. அயலில் கேட்கலாம், கேட்டும் இருக்கிறார். ஆனால் வங்கிக் கடிதம், வைத்தியசாலைத் துண்டு, உதவி விண்ணப்பம் என்று எல்லாவற்றையும் அயலவர் வாயால் கேட்டால், வீட்டுக் காசு எவ்வளவு என்பது ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிடும். அந்த நிலையிலிருந்து வெளியே வரத்தான் அக்கா இவ்வளவு பாடுபட்டு இந்தப் போனைப் பழகினார். படத்திலுள்ள எழுத்தை வாசிக்கும் கூகுள் லென்சையும் அவர் முயன்று பார்த்தார். சரிந்த தாளிலிருந்து அது பாதிச் சொற்களைத்தான் எடுத்தது. முத்திரை விழுந்த இடத்தில் திகதி குழம்பிவிட்டது. பிழையாக வாசித்தாலும் அது பிழை என்று கண்டுபிடிக்க அவரிடம் வழி இல்லை.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். அறிவித்தலை எழுத்தாகப் போடுங்கள். படமும் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. படத்திலுள்ள அதே வாசகத்தைப் பதிவிலும் தட்டச்சுச் செய்துவிடுங்கள்.

இதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரிய சிக்கல் அதில்தான் இருக்கிறது. நான் தொலைபேசியில் பேசியதும், உங்கள் முகாமைத்துவ உதவியாளர் ஒருவர் நல்ல மனதோடு அந்த அறிவித்தலின் வேர்ட் கோப்பை அக்காவின் வட்ஸ்அப்புக்கு அனுப்பி வைத்தார். அவருக்கு நன்றி. அக்கா திறந்தார். போன் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கியது. இடையிடையே அரைப்புள்ளி, காற்புள்ளி. பக்கம் முழுவதும் அப்படியே. 'போன் பழுதாப் போச்சோ?' என்று அக்கா என்னைக் கேட்டார். போனில் ஒரு பழுதும் இல்லை. கோப்பு பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருந்தது.

பாமினியில் தட்டச்சுச் செய்தது உங்கள் கணினித் திரையில் அழகான தமிழாகத் தெரியும். ஆனால் கணினி உள்ளே சேமித்து வைத்திருப்பது ஆங்கில எழுத்துகளை. அவற்றின் மேல் தமிழ் உருவங்களைப் போர்த்திக் காட்டுவதுதான் அந்த எழுத்துரு செய்யும் வேலை. 'தமிழ்' என்று தட்டினால் உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, கடைசியில் புள்ளிக்குப் பதிலாக ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் கண் தெரிந்தவர்களுக்கும் அதுதான் தெரியும். அக்காவின் போன் உள்ளே இருந்ததை உள்ளபடியே வாசித்தது.

இதற்கு மாற்று யூனிகோட், அதாவது தமிழைத் தமிழாகவே கணினியிலும் போனிலும் சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறை. அது நேற்று வந்ததல்ல. 1991இல் வெளியான யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருக்கிறது. விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே சாதாரண அலுவலகக் கணினியில் தமிழை யூனிகோடில் எழுத முடியும். கணினித் தமிழுக்கான எங்கள் நாட்டின் தர நியமமே 2008இல் எஸ்எல்எஸ் 1326 என்ற இலக்கத்தோடு வந்துவிட்டது. தமிழ்நாட்டு அரசு 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. இவ்வளவு காலத்துக்குப் பிறகும் யாழ்ப்பாணத்தில் ஓர் அரச அலுவலகத்திலிருந்து வரும் தமிழை ஒரு போனால் வாசிக்க முடியவில்லை என்றால் அதை எப்படி ஏற்றுக்கொள்வது?

உத்தியோகத்தர்களின் விரல் பாமினிக்குப் பழகிவிட்டது, புதிதாகப் பழக நேரமில்லை என்று ஒரு காரணம் சொல்லப்படுகிறது. பழகவே தேவையில்லை. என்எச்எம் ரைட்டர் என்ற இலவச மென்பொருளில் பாமினி விசைப்பலகை இருக்கிறது. விரல் போகும் இடம் அதேதான். உள்ளே பதிவது மட்டும் யூனிகோட். ஏற்கனவே பாமினியில் இருக்கும் கோப்புகளை மாற்றுவதற்குச் சுரதாவின் பொங்குதமிழ் எழுத்துரு மாற்றி பல ஆண்டுகளாக இணையத்தில் இருக்கிறது. ஒரு பெட்டியில் ஒட்டினால் மற்றப் பெட்டியில் யூனிகோடாக வந்துவிடும். நானே உங்கள் கோப்பை அப்படி மாற்றித்தான் அக்காவுக்கு அனுப்பினேன். ஒரு நிமிடம் கூட எடுக்கவில்லை. அவர் முழுவதையும் கேட்டார், திகதி உட்பட. அதற்குள் திகதி போய்விட்டது.

அக்கா ஒருவரின் கதை மட்டும் இல்லை இது. சுன்னாகம் வாழ்வகத்தில் கண் தெரியாத பிள்ளைகள் தங்கிப் படிக்கிறார்கள். என்விடிஏ என்ற திரைவாசிப்பான் கணினிக்கு இலவசமாகக் கிடைக்கிறது. அவுஸ்திரேலியாவில் கண் தெரியாத இளைஞர் ஒருவர் 2006இல் தொடங்கி, கண் தெரியாத இன்னொருவரும் சேர்ந்து வளர்த்த வேலை அது, தமிழையும் வாசிக்கும். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்கு விண்ணப்பிக்கும் வயதில், தங்கள் ஊர் அலுவலகத்தின் தமிழைக் கேட்க முடியாமல் இருப்பார்கள் என்பதை நினைக்க எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கண் தெரிந்தவர்களுக்கும் இதே கதைதான். படமாகவும் பாமினியாகவும் போடும் எதுவும் கூகுளில் தமிழில் தேடினால் ஒழுங்காக அகப்படாது. போன வருடம் ஒரு சுற்றறிக்கை வந்ததே என்று தேடுகிறவர் உங்கள் பக்கத்தைக் கீழே கீழே உருட்டிக்கொண்டே போக வேண்டும். 'நூலகம்' என்ற இணைய நூலகத்தை நடத்தும் நிறுவனத்தில் 2005 முதல் பழைய பத்திரிகைகளையும் நூல்களையும் ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்து காப்பாற்றி வருகிறார்கள். இன்றைக்குப் புதிதாக எழுதும் ஆவணத்தையே தேட முடியாதபடி ஏன் செய்ய வேண்டும்?

பேஸ்புக்கைப் பற்றியும் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். பேஸ்புக்கில் போட்டால் ஊருக்கே தெரியும் என்று அலுவலகங்கள் நினைக்கின்றன. அது போட்ட ஒழுங்கில் எல்லோருக்கும் காட்டும் இடம் இல்லை. யாருக்கு எதை முதலில் காட்டுவது என்பதை அந்த நிறுவனத்தின் கணினி தீர்மானிக்கிறது. தண்ணீர் வெட்டு அறிவித்தல், வெட்டு முடிந்து தண்ணீர் வந்த பிறகு என் போனில் தெரிந்திருக்கிறது. டேட்டா போட வசதி இல்லாதவர்கள், பேஸ்புக்கே வேண்டாம் என்று இருப்பவர்கள், வயதானவர்கள் எல்லோரும் இந்தப் பிரதேசத்தில்தான் இருக்கிறார்கள். வாசிகசாலையிலும் சங்கக்கடையிலும் தாள் ஒட்டும் வழக்கம் குறைந்துகொண்டே போகிறது. கிராம அலுவலரிடம் கேட்டால் குழுவில் போட்டாயிற்று என்கிறார். குழுவில் பார்த்தால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே அது எங்கேயோ கிடக்கிறது. திறப்பு விழாப் படங்களுக்குத் தனித்தனியாகப் பெயர் போட்டு, வரவேற்றவர் முதல் நன்றியுரை சொன்னவர் வரை எழுத நேரம் இருக்கிறது. சனங்களின் பிழைப்போடு சம்பந்தப்பட்ட அறிவித்தலுக்கு நான்கு வரி தட்டச்சுச் செய்ய நேரம் இல்லை. இன்னொரு அலுவலகம் ஆங்கிலத்தில் மட்டும் ஒரு கூகுள் படிவத்தை அனுப்பி, தமிழ் மட்டும் தெரிந்த தாய்மாரை நிரப்பச் சொல்கிறது. அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரையில் தமிழும் அரசகரும மொழி என்று எழுதியிருப்பதை அவர்களுக்கு யார் நினைவூட்டுவது?

சரி, இவை எல்லாவற்றுக்கும் நீங்கள் பொறுப்பில்லை. வேலைப்பளு அதிகம், ஆளணி போதாது என்பதும் எனக்குத் தெரியும். சட்டத்தைக் காட்டிச் சண்டை பிடிக்கவும் நான் எழுதவில்லை. ஆனால் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இலும், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இலும் வந்துவிட்டன. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சாசனத்தையும் இலங்கை அதே 2016இல் ஏற்று உறுதி செய்தது. இவ்வளவும் இருந்தும் அக்காவுக்குக் கிடைத்தது 'பாக்கேல்லையோ?' என்ற கேள்விதான்.

தயவுசெய்து, அடுத்த அறிவித்தலிலிருந்தாவது எழுத்தாகப் போடுங்கள். யூனிகோடில் போடுங்கள். படம் கட்டாயம் என்றால், பேஸ்புக்கிலேயே படத்துக்கு விளக்கம் எழுத ஓர் இடம் இருக்கிறது. அதில் திகதியையும் தொடர்பு இலக்கத்தையும் எழுதினால் போதும், திரைவாசிப்பான் வாசிக்கும். வட்ஸ்அப்பில் கோப்பு அனுப்பும்போது அதே விடயத்தைச் செய்தியாகவும் ஒட்டி அனுப்புங்கள். உத்தியோகத்தர்களுக்கு இதைக் காட்டிக் கொடுக்க ஆள் வேண்டும் என்றால், ஒரு சனிக்கிழமை நான் வந்து எல்லாக் கணினிகளிலும் போட்டுத் தருகிறேன். காசு வேண்டாம்.

கடைசியாக அக்காவின் விண்ணப்பம். ஆவணங்கள் எல்லாம் ஆயத்தமாக இருக்கின்றன. அறிவித்தல் அவரைச் சேரும்படி போடப்படவில்லை என்பதைக் கருத்தில் எடுத்து, பிந்தியதாக இருந்தாலும் அதை ஏற்றுக்கொள்ளும்படி உங்களைப் பணிவுடன் கேட்கிறேன். முடியாது என்றால் காரணத்தையும் அடுத்த சுற்று எப்போது என்பதையும் தெரிவியுங்கள். பதிலை எனக்கு அனுப்ப வேண்டாம், அக்காவுக்கே அனுப்புங்கள். இலக்கம் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. அந்தப் பதிலையும் தயவுசெய்து எழுத்தாக அனுப்புங்கள்.

நன்றி.

இப்படிக்கு,
உங்கள் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு தம்பி