அந்தப் பிள்ளையை ஏன் திட்டுகிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வளர்ந்த ஒரு பெண் பிள்ளை, சின்ன வயதிலிருந்தே ஜிம்னாஸ்டிக் பழகியவள், இப்போது பெற்றோருடன் மெல்பர்னுக்குக் குடிபோய்விட்டாள். அப்பாவுக்கு அங்கே வேலை. அங்கேயும் ஒரு கிளப்பில் சேர்ந்திருக்கிறாள், நாளைக்கு மலேசியாவை விட்டு ஆஸ்திரேலியாவுக்காகப் போட்டியில் இறங்கினாலும் இறங்கலாம். இது தெரிந்ததும் எங்கள் கோயில் வாட்சாப் குழுவில் வந்து விழுந்த வார்த்தைகளைப் படித்து எனக்கு மனசே ஆறவில்லை. நன்றி கெட்டவள், துரோகி, நாடு செலவழித்து வளர்த்தது ரெக்கை முளைத்ததும் பறந்துவிட்டது என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். இன்னும் பள்ளிக்கூடம் முடிக்காத பிள்ளையைப் பற்றி, அதுவும் அவளைத் தூக்கிக் கொஞ்சியவர்களே.

நாடு என்ன செலவழித்தது? அவள் தேசியக் குழு வரைக்கும் போனதே இல்லை. அவள் அம்மா வேலை முடிந்து வந்த கையோடு பிறையிலிருந்து பாலத்தைக் கடந்து தீவுக்கு அழைத்துப் போவார். பினாங்குப் பாலத்தில் சாயங்கால நெரிசல் எப்படி என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காரிலேயே சாப்பாடு, காரிலேயே வீட்டுப்பாடம். பயிற்சிக் கட்டணம், உடம்போடு ஒட்டிய லியோடார்ட் உடை, கைக்குப் போடும் தோல்பட்டை, டேப், வெளியூர்ப் போட்டி என்றால் தங்கும் செலவு, எல்லாம் அந்த வீட்டுச் சம்பளத்தில் போனது. குழுவில் திட்டியவர்களில் ஒருவராவது அவள் போட்டியைப் பார்க்க வந்து உட்கார்ந்ததாக எனக்கு நினைவில்லை.

இதைப் பேசும்போது ஜிம்னாஸ்டிக் வீராங்கனை ஒக்ஸானா சுசோவிதினாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. உஸ்பெகிஸ்தானின் புகாராவில் 1975இல் பிறந்தவர். 1991 உலகப் போட்டியில் சோவியத் யூனியனுக்காக ஃப்ளோரில், அதாவது தரைப் பயிற்சியில், தங்கம் வென்றார். அடுத்த வருஷம் பார்சிலோனா ஒலிம்பிக், அதற்குள் சோவியத் யூனியனே இல்லை, ஒன்றிணைந்த அணி என்ற பெயரில் போய்க் குழுத் தங்கம் வாங்கினார்கள். அதற்குப் பிறகு உஸ்பெகிஸ்தானுக்காக ஆடினார். 1999இல் மகன் அலிஷேர் பிறந்தான், 2002இல் அவனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. தேவையான சிகிச்சை சொந்த நாட்டில் கிடைக்கவில்லை. ஜெர்மனியில் கொலோன் நகரத்து ஜிம்னாஸ்டிக் கிளப் ஒன்றின் பயிற்சியாளர்கள் இங்கே வா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று கைகொடுத்தார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார். பரிசுப் பணம் மருந்துக்குப் போனது. ஒரு ஜிம்னாஸ்ட் வீட்டில் உட்கார வேண்டிய வயது என்று எல்லாரும் நினைத்த வயதில் அவர் ஓடி வந்து வால்ட் என்கிற தாண்டு மேசை மேல் கை வைத்துக் காற்றில் சுழன்றது மகனைக் காப்பாற்றத்தான்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஜெர்மனியில் வாழ்ந்துகொண்டே, மகன் அங்கே ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே, 2003இல் அனாஹைம் உலகப் போட்டியில் வால்ட் தங்கத்தை அவர் வாங்கியது உஸ்பெகிஸ்தானுக்காக. ஜெர்மன் குடியுரிமை 2006இல்தான் கிடைத்தது, அதன் பிறகுதான் அந்த நாட்டு உடை. 2008 பெய்ஜிங்கில், 33 வயதில், ஜெர்மனிக்கு வால்ட் வெள்ளி வாங்கிக் கொடுத்தார். மகன் பிழைத்துக்கொண்டான். லண்டன் ஒலிம்பிக்கையும் ஜெர்மனிக்காக முடித்துவிட்டு அப்புறம் திரும்ப உஸ்பெகிஸ்தானுக்கே போய்விட்டார். 2016 ரியோவில் 41 வயதில் வால்ட் இறுதிச் சுற்றில் ஏழாவது இடம். அதே இறுதிச் சுற்றில் இந்தியாவின் தீபா கர்மாகர் நான்காவதாக வந்து பதக்கத்தைத் தவறவிட்டது நம் வாசகர்கள் பலருக்கு ஞாபகம் இருக்கும். 2021இல் டோக்கியோவில், 46 வயதில், அது அவருக்கு எட்டாவது ஒலிம்பிக், ஆட்டம் முடிந்ததும் அரங்கத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பல நாட்டுப் பயிற்சியாளர்களும் பிள்ளைகளும் இருந்தார்கள். அங்கே யாரும் அவரைப் பார்த்து நீ எந்த நாடு என்று கேட்கவில்லை.

அந்த அம்மாவைத் துரோகி என்று சொல்ல உங்களுக்கு வாய் வருமா?

சரி, அது பிள்ளையின் உயிருக்காகப் போனது, எல்லாருக்கும் அப்படி ஒரு காரணம் இருக்கிறதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஜிம்னாஸ்டிக் வீராங்கனை கைலியா நெமூரை எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்ஸில் பிறந்து வளர்ந்தவர், அப்பா வழியில் அல்ஜீரியா. அவருடைய கிளப்புக்கும் பிரெஞ்சு ஜிம்னாஸ்டிக் சங்கத்துக்கும் பெரிய தகராறு, கடைசியில் அல்ஜீரியாவுக்கு மாறினார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பார்ஸில், அதாவது இரட்டைக் கம்பியில், தங்கம், ஆப்பிரிக்காவுக்கே ஜிம்னாஸ்டிக்கில் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம். ஒரு விளையாட்டு வீராங்கனைக்குத் தன் பயிற்சியாளரும் தன் உடம்பும்தான் முதல் கவலை, அதைச் சங்கங்கள் புரிந்துகொள்ளவில்லை என்றால் ஆள் போகத்தான் செய்வார்.

நாடு மாறுவது ஏதோ பள்ளி மாறுவதைப் போல என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்று. ஒலிம்பிக் விதிப்படி ஒரு நாட்டுக்காக ஆடியவர் வேறு நாட்டுக்காக ஒலிம்பிக்கில் ஆட வேண்டும் என்றால் மூன்று வருஷம் கழிந்திருக்க வேண்டும், சம்பந்தப்பட்டவர்கள் ஒத்துக்கொண்டால்தான் அது குறையும். கால்பந்து வீரருக்கு மூன்று வருஷம் பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம். பெண்கள் ஜிம்னாஸ்டிக்கில் 16 வயதாகும் வருஷத்தில்தான் ஒலிம்பிக்கில் இறங்கவே முடியும், பலருக்கு இருபதைத் தாண்டும்போது முட்டியும் கணுக்காலும் கைவிட்டுவிடும். அந்த இடைவெளியில் மூன்று வருஷம் போனால் மிச்சம் என்ன? நம் நாட்டிலோ அந்த வயதில்தான் எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு வேறு வந்து நிற்கிறது. படிப்பா பயிற்சியா என்று நம் வீடுகளில் கேட்கப்படும்போது பதில் என்னவாக இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

நம் பினாங்கிலேயே லோ கியன் யூ இருக்கிறாரே. இங்கே பிறந்தவர், சின்ன வயதில் சிங்கப்பூர் விளையாட்டுப் பள்ளிக்குப் போனார், அந்த நாட்டுக் குடிமகன் ஆனார், 2021இல் சிங்கப்பூருக்காக உலக பேட்மிண்டன் ஆண்கள் ஒற்றையர் பட்டத்தை வென்றார். அன்றைக்கு எத்தனை பேர் அவர் நம்ம பினாங்குப் பையன் என்று பெருமையாகப் பகிர்ந்தீர்கள்! ஜெயித்தால் நம்ம பையன், ஜெயிப்பதற்கு முன்னால் கிளம்பினால் துரோகி. இது எனக்குப் பொறுக்கவில்லை. 2025 ஜூன் மாதம் புக்கிட் ஜாலில் அரங்கத்தில் நம் கால்பந்து அணி வியட்நாமை 4-0 என்று வென்றபோது வெளிநாட்டில் பிறந்தவர்கள் நம் ஜெர்சியில் ஓடியதை நாம் எல்லாரும் ரசித்தோம். அவர்களில் ஏழு பேரின் ஆவணங்கள் சரியில்லை என்று உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபா தடை விதித்த கதை வேறு. வந்தவர்களைக் கட்டிப்பிடித்த நாமே போகிறவளைக் காறித் துப்பலாமா?

மற்ற யாரையும் விட நம் சமூகம் இதைச் செய்யக்கூடாது. நம் தாத்தா பாட்டிகளில் எத்தனை பேர் நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறிப் பினாங்குத் துறைமுகத்தில் இறங்கியவர்கள். பிழைக்க வந்தார்கள், இங்கேயே வேர் விட்டார்கள். அவர்களை யாராவது துரோகி என்று எழுதினால் நாம் சும்மா இருப்போமா?

அவள் போவதால் எனக்கு வருத்தமே இல்லை என்று சொல்லவில்லை. நிறையவே இருக்கிறது. நம் கூட்டரசு அரசியலமைப்பின் 24ஆவது விதிப்படி, விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவரின் மலேசியக் குடியுரிமையை அரசாங்கம் பறிக்கலாம், இரண்டையும் வைத்துக்கொள்ள வழியில்லை. ஆக, சுசோவிதினா திரும்பியது மாதிரி இவள் நினைத்தாலும் சுலபமாகத் திரும்ப முடியாது. அதனால்தான் சொல்கிறேன், அவள் அந்த முடிவை எடுக்கும் வரைக்குமாவது இந்த ஊர் தன்னை வேண்டாம் என்று சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும். நாளைக்கு ஆட்டத்தை நிறுத்திய பிறகு இங்கே வந்து நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் அல்லவா, இப்போது வாட்சாப்பில் வாங்கிய திட்டெல்லாம் ஞாபகம் இருந்தால் வருவாளா?

நம் பெண் பிள்ளைகள் ஏன் நின்றுவிடுகிறார்கள் என்பதையும் யாரும் பேசுவதில்லை. 2015 சிங்கப்பூர் சீ விளையாட்டில் (தென்கிழக்காசியப் போட்டியில்) நம் நாட்டு ஜிம்னாஸ்ட் ஃபாரா ஆன் அப்துல் ஹாடி ஃப்ளோரில் தங்கம் வாங்கி வந்தபோது பதக்கத்தை விட்டுவிட்டு லியோடார்டைப் பற்றிப் பேசினார்கள் சிலர். அவர் அசரவில்லை, டோக்கியோ ஒலிம்பிக் வரைக்கும் போனார். ஆனால் நம் வீடுகளிலும் அதே பேச்சு இருக்கிறது, வயசுக்கு வந்த பெண்ணுக்கு இந்த உடுப்பு எதுக்கு என்று பயிற்சியை நிறுத்திய குடும்பங்களை எனக்குத் தெரியும். ஜெர்மன் பெண்கள் டோக்கியோவில் கணுக்கால் வரை மூடிய உடையில் ஆடினார்களே, விதியில் அதற்கு இடம் இருக்கிறது. அந்தப் பெற்றோர்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்லியிருந்தால் இரண்டு மூன்று பிள்ளைகளாவது இன்னும் பீம் கட்டை மேல் நின்றுகொண்டிருப்பார்கள்.

உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் பேட்மிண்டனும் கால்பந்தும் தினமும் வருகிறது, அது வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஜிம்னாஸ்டிக் மட்டும் சீ விளையாட்டு வந்தால்தான் வருகிறது. பள்ளிகளுக்கு இடையிலான மாநிலப் போட்டி, மாநிலங்கள் மோதும் சுக்மா போட்டி, எதற்காவது ஒரு நிருபரை அனுப்புங்கள். அரங்கத்தில் யார் யார் பெற்றோர், எவ்வளவு செலவாகிறது, பயிற்சியாளருக்குச் சம்பளம் யார் கொடுப்பது, இதையெல்லாம் கேட்டு எழுதுங்கள். நம் பிள்ளைகள் அங்கே குறைவுதான், ஆனாலும் இருக்கிறார்கள். அவர்கள் பெயரும் படமும் பத்திரிகையில் வந்தால் நான் அதை வெட்டி அதே வாட்சாப் குழுவில் போடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பிறை, பினாங்கு