ஆம்பிளை ஆயுசு என்று சொல்லாதீங்க, அண்ணன்

அன்புள்ள அண்ணன்,

அப்பாவின் ஆண்டுத் திவசத்தன்று பந்தியில் சொன்னீர்கள்: "ஆம்பிளைக்கு ஆயுசு அவ்வளவுதான்." எல்லாரும் தலையாட்டினார்கள். சபையில் நான் வாய் திறக்கவில்லை. இப்படி நாலு பேர் பார்க்க எழுதுவதற்கு மன்னிச்சுக்கொள்ளுங்கள். போனில் சொன்னால் வைத்துவிடுகிறீர்களே, வேறு என்ன செய்ய?

நீங்கள் சொன்னதில் பாதி சரி. பெண்ணுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு. ஒன்றில் பழுதென்றால் பெரும்பாலும் மற்றது ஈடுகொடுக்கும். ஆணுக்கு அது ஒன்றுதான். ஈஸ்ட்ரோஜனும் பெண்ணின் இரத்தக் குழாய்களைப் பல வருடம் காக்கிறது. ஆனால் எல்லாம் பிறப்போடு வந்ததென்றால், 1946இல் இலங்கையில் ஆணின் சராசரி ஆயுள் 43.9, பெண்ணுக்கு 41.6 என்று எப்படி இருந்தது? அம்மம்மா காலத்தில் பிரசவத்தில் செத்த பெண்கள் எத்தனை பேர்! மருத்துவிச்சி வீடு தேடி வந்தார், மலேரியா குறைந்தது. 1971இல் பெண்ணுக்கு 67.1, ஆணுக்கு 64.2. அதன்பிறகு இடைவெளி இன்னும் கூடியதற்கு சிகரெட், சாராயம், ரோட்டு விபத்து, டொக்டரிடம் போகாத வீம்பு எல்லாம் காரணம். நம் பக்கத்தில் ஆண்கள் குறைந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அதை இங்கே எழுதமாட்டேன்.

அப்பாவின் அந்தக் கடைசி இரவுதான் மனதை விட்டுப் போகுதில்லை. படுவான்கரை வயலால் வந்த அப்பா வாங்கில் குந்தியிருந்து, துவாயால் கழுத்தைத் துடைத்துத் துடைத்து, "வாய்வு புள்ள, இஞ்சித் தேத்தண்ணி தா" என்றார். நெற்றியைத் தொட்டேன், சில்லென்றிருந்தது. ஆட்டோ பிடிக்கச் சொன்னேன். "ஆம்பிளையப் பயங்காட்டாத" என்றீர்கள். செத்தவீட்டில் அதை உங்கள் முகத்துக்கு நேரே கேட்டிருக்கக் கூடாதுதான். ஆனால் நான் கேட்டது பொய்யா?

என்னை சைக்கிள் பாரில் இருத்திக் கல்லடிப் பாலம் தாண்டி ரியூஷனுக்குக் கொண்டுபோன அண்ணன் நீங்கள். இப்போது நாலு படி ஏறினால் மூச்சு வாங்குது. அப்பாவைப் போலவே பிரஷர் பார்க்க மறுக்கிறீர்கள். மச்சாளையும் பிள்ளைகளையும் நினைக்க உங்களுக்கு மனமில்லையா?

35 வயது தாண்டியவர்களுக்கு அரசாங்கம் இலவசமாகவே பிரஷர், சீனி பார்க்கிறது. போன கிழமை நான் போனேன். வரிசை முழுக்கப் பெண்கள். வெள்ளிக்கிழமை விடிய ஆட்டோவோடு வருவேன். மச்சாளுக்குச் சொல்லிவிட்டேன். சீனி பார்க்க வேணும், வெறுவயிற்றோடு இருங்கள்.

தங்கச்சி