அந்த லிஸ்ட் உங்க சர்வர்ல இருக்கு சார், எங்க ஃபோல்டர்ல இல்ல

எங்க சைட்டை ஹோஸ்ட் பண்ற கம்பெனியோட சப்போர்ட் டீமுக்கு,

வணக்கம். கோத்தகிரி பக்கத்துல இருந்து எழுதறேன். டிக்கெட் போட்டு போட்டு ஓஞ்சு போய்த்தான் பொதுவுல எழுத வேண்டியதாப் போச்சு, கோவிச்சுக்காதீங்க.

நீங்க புது சர்வருக்கு மாத்துன அன்னில இருந்து எங்க தேயிலை விவசாயிங்க கணக்குப் பார்க்கற சைட்ல எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் 500.50 எரர். கேட்டா "வெப்.கான்ஃபிக்ல தப்பு, உங்க டெவலப்பரைப் பாருங்க"ன்னு ஒரே பதில். வெப்.கான்ஃபிக்னா எங்க ஃபோல்டர்ல இருக்கற செட்டிங் ஃபைல். நான்தாங்க அந்த டெவலப்பர். பழைய சர்வர்ல ஒழுங்கா ஓடுன அதே ஃபைல், ஒரு எழுத்து மாறல.

வர்றவங்களை சர்வர்களுக்குப் பிரிச்சு விடற உங்க லோட் பேலன்சரோட எச்டிடிபிஎஸ்ங்கற பாதுகாப்பான இணைப்பு முடிஞ்சுடுது, உள்ள வர்றது வெறும் எச்டிடிபி, அதனால பாதுகாப்பா வரலன்னு நெனச்சு எங்க கணக்கு சாஃப்ட்வேர் திரும்பத் திரும்ப ரீடைரக்ட் பண்ணிட்டே இருக்கும். அது வெளிய வாங்குனது, கோடுல கை வைக்க முடியாது. அதுக்குத்தான் முதல்ல எதுல வந்ததுன்னு சொல்ற எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ ஹெடரைப் பார்த்து, சர்வர் குறிச்சு வெச்சிருக்கற எச்டிடிபிஎஸ்ங்கற சர்வர் வேரியபிளை 'ஆன்'னு செட் பண்ற மாதிரி ஒரு ரீரைட் ரூல் வெச்சிருக்கோம். உங்க வெப் சர்வர் சாஃப்ட்வேரான ஐஐஎஸ்ல ரூல் ஒரு வேரியபிளை செட் பண்ணணும்னா அந்தப் பேரு அனுமதிச்ச லிஸ்ட்ல இருக்கணும், அந்த லிஸ்ட் இருக்கறது சர்வர் முழுசுக்குமான செட்டிங் ஃபைலான அப்ளிகேஷன்ஹோஸ்ட்.கான்ஃபிக்ல. நீங்க எங்க ஃபோல்டரை மட்டும் காப்பி பண்ணிட்டு லிஸ்ட்டை பழைய சர்வர்லயே விட்டுட்டீங்க. இந்த வேரியபிளை லிஸ்ட்ல சேருங்கன்னு எரர் பக்கமே சொல்லுது, ஸ்கிரீன்ஷாட்டும் அனுப்பியாச்சு. சரின்னு அதை நாங்களே வெப்.கான்ஃபிக்ல போட்டா 500.19, செக்‌ஷன் சர்வர் லெவல்லயே லாக் ஆகியிருக்காம். ஷேர்டு சர்வர்ல பூட்டி வைக்கறது நியாயம்தான், ஆனா பூட்டு போட்டவங்கதானே திறக்கணும்?

இந்த சைட்டைப் பார்க்கறவங்க எல்லாம் சிறு தேயிலை விவசாயிங்க. மாசக் கடைசியில எத்தனை கிலோ பச்சை இலை போட்டாங்க, என்ன ரேட், உரத்துக்கு வாங்குன அட்வான்ஸ் போக கைக்கு எவ்வளவுன்னு அதுலதான் பார்ப்பாங்க. எங்க ஹட்டிக்குள்ள, அதாவது எங்க மலை கிராமத்துக்குள்ள, சிக்னல் எடுக்காது. ஒரு அக்கா இலையை எடை போட்டுட்டு மழையில மேல் ரோட்டு வளைவு வரைக்கும் ஏறி வந்து, போனைத் தூக்கிப் பிடிச்சுப் பார்த்திருக்காங்க, வந்தது எரர் நம்பர். "என் பேரை எடுத்துட்டாங்களா தம்பி?"ன்னு கேட்டாங்க. அவங்க கணக்கு டேட்டாபேஸ்ல பத்திரமா இருக்கு, ஆனா காட்ட வழியில்ல.

தயவு செஞ்சு அந்த லிஸ்ட்டைத் திரும்பப் போடுங்க. ஐஐஎஸ் மேனேஜர்ல எங்க சைட்டை எடுத்து, யூஆர்எல் ரீரைட்டுக்குள்ள போய், 'வியூ சர்வர் வேரியபிள்ஸ்'ல எச்டிடிபிஎஸ்னு ஒரு பேரைச் சேர்த்தா போதும், மத்த கஸ்டமர் யாரையும் அது தொடாது.

இதுக்கு இவ்வளவு அலைச்சலா? ஒவ்வொரு தடவையும் புதுசா ஒருத்தர் எடுத்து பிரவுசர் கேஷ் கிளியர் பண்ணுங்கம்பார், முதல்ல இருந்து கதை சொல்லணும், எரர் நம்பரைக்கூடப் படிக்காம டிக்கெட்டை மூடிடுவாங்க. பணம் கட்ட ஒரு நாள் லேட்டானா மட்டும் மெயில் மேல மெயில் வருது. சின்ன கஸ்டமர், மலையில இருக்கறவங்க, நேர்ல வந்து நிக்க மாட்டாங்கங்கற தைரியமான்னு தோணுது.

கோவத்துல சொல்லிட்டேன், மன்னிக்கணும். நான் கேக்கறது அந்த ஒரு பேரை லிஸ்ட்ல சேர்க்கறதுதான். அப்படியே இனிமே யார் சைட்டை மாத்துனாலும் அந்த லிஸ்ட்டையும் சேர்த்து மாத்தற மாதிரி உங்க வேலை முறையில எழுதி வெச்சுக்கோங்க. சேர்த்ததும் அதே டிக்கெட்ல ஒரு வரி போடுங்க, உடனே டெஸ்ட் பண்ணிச் சொல்றேன்.