ஓ.டி. என்றால் ஆபரேஷன் இல்லை, செந்தில்

கோத்தகிரி,
மார்கழி, ஞாயிறு காலை

அன்புள்ள செந்திலுக்கு,

அப்பா எழுதுவது. போனில் நீ கோபப்பட்டபோது பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வாயில் குழாயோடு கிடந்த அம்மாவைத் தூக்கி உட்கார வைக்க விட்டீங்களா? நீங்க எதுக்கு அங்கே இருந்தீங்க?" என்று கேட்டாய். நியாயமான கேள்விதான். முதல் நாள் நானும் விடவில்லை.

ஐப்பசி மழையில் அம்மாவுக்கு நிமோனியா முற்றி, 108 வண்டியில் மேட்டுப்பாளையம் இறங்கி கோவைக்குக் கொண்டுபோன கதை உனக்குத் தெரியும். வென்டிலேட்டர் போட்ட மூன்றாம் நாள் ஐசியூ வாசலுக்கு ஒரு பெண் வந்து, "ஓ.டி.யிலிருந்து வர்றேன் சார், அம்மாவைப் பார்க்கணும்" என்றாள். ஓ.டி. என்றால் நமக்கு ஆபரேஷன் தியேட்டர்தானே! யாரும் சொல்லாத ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சத்தம் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டேன். மறுநாள் அவளே வந்து, சிரிக்காமல், அது ஆக்குபேஷனல் தெரபி என்று சொன்னாள். அதுவும் விளங்கவில்லை. மூச்சுக்கே மெஷின் வேண்டியிருக்கிறவளுக்கு என்ன வேலை? "பல் துலக்குறது, தலை வாருறது, சாப்பிடுறது எல்லாமே வேலைதான் சார். அது விட்டுப்போயிடக் கூடாது" என்றாள். அப்புறம் கேட்டாள்: "அம்மா கண்ணாடி போடுவாங்களா?"

கண்ணாடி நான்கு நாளாக என் பையில், வர்க்கிப் பொட்டலத்துக்கு அடியில் கிடந்தது. ஆஸ்பத்திரியில் தொலைந்துவிடும் என்று நானே எடுத்து வைத்தது. பகலா இரவா என்று தெரியாத அந்த விளக்கு வெளிச்சத்தில், பக்கத்தில் நிற்பது யார் என்றுகூடத் தெரியாமல் அவளைப் படுக்கவைத்திருக்கிறேன். இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

உன்னிடம் நான் மறைத்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் அம்மாவுக்கு நினைவு ஒரு நிலையில் இல்லை. டெலிரியம் என்றார்கள். நோய்த்தொற்று, மயக்க மருந்து, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து ஐசியூவில் பலருக்கு வருமாம். போர்வையைக் கிள்ளிக்கொண்டே இருப்பாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகக் கிள்ளி, கை நிறைந்த கணக்கில் தோளுக்குப் பின்னால் வீசுவாள். நர்சுகள் ஏதோ பூச்சி தெரிகிறது போல என்றார்கள். எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தேயிலைக் கொழுந்து எடுத்து முதுகுப் பையில் போடுகிறாள். அப்புறம் கை குழாய்ப் பக்கம் போகவும், மணிக்கட்டைத் துணியால் கட்டிலோடு கட்டிவிட்டார்கள்.

அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். ஐசியூவுக்குள் இலை தழை கொண்டுவரக் கூடாதாம். பேண்டேஜ் துணியைச் சின்னச் சின்ன நாடாவாக வெட்டி, ஒரு வலைத்துணியில் செருகிக்கொண்டு வந்தாள். கண்ணாடியை மாட்டிவிட்டு, "இன்னைக்கு வியாழக்கிழமைம்மா, கோவையில இருக்கீங்க" என்று காதருகே சொல்லிவிட்டு, கட்டை அவிழ்த்தாள். அம்மா ஒவ்வொரு நாடாவாக உருவி மடியிலிருந்த கிண்ணத்தில் போட்டாள். பத்து நிமிடம் இருக்கும். ஒரு தடவைகூடக் கை குழாயைத் தேடவில்லை.

உட்கார வைத்தது அதற்கடுத்த நாள். நீ நினைப்பதுபோல் முரட்டுத்தனமாக இல்லை. பிசியோதெரபிஸ்ட் முதுகைத் தாங்க, நர்ஸ் குழாயைப் பிடிக்க, இவள் முன்னால் குந்தியிருந்து அம்மா முகத்தையும் மானிட்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டாவது நிமிடம் ஆக்சிஜன் இறங்கியது. உடனே படுக்க வைத்துவிட்டார்கள். மறுநாள் ஐந்து நிமிடம் தாங்கினாள். சீப்பைக் கையில் கொடுத்து முழங்கையை ஏந்திக்கொண்டார்கள். கை காது மட்டும்தான் எட்டியது. தலையை விட்டுவிட்டு, தோடு கழற்றிய காதைத் தடவிப் பார்த்தாள். தோடு என் சட்டைப் பையில் இருப்பதாகச் சைகை காட்டினேன். தலையாட்டினாள். ஐந்து நாளைக்குப் பிறகு நான் சொன்னது அவளுக்குப் போய்ச் சேர்ந்தது அப்போதுதான்.

உனக்கு ஆதாரம் வேண்டும் என்பாய். டாக்டரிடம் கேட்டு இலைக் கணக்கு நோட்டிலேயே எழுதி வைத்தேன். 2009இல் லான்செட் இதழில் வந்த அமெரிக்க ஆய்வு. வென்டிலேட்டரில் இருந்த 104 பேர். பிசியோவும் ஓ.டி.யும் ஆரம்பத்திலேயே தொடங்கியவர்களில் 100க்கு 59 பேர் ஆஸ்பத்திரியை விட்டுப் போகும்போது தங்கள் காரியத்தைத் தாங்களே பார்க்கும் நிலையில் இருந்தார்கள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 35. புத்தி தடுமாற்றம் வழக்கமான கவனிப்பில் நான்கு நாள் என்றால், ஆரம்பத்திலேயே தொடங்கியவர்களுக்கு இரண்டு நாள். படுக்கவைத்தே வைத்திருந்தால் பத்து நாளில் தொடைச் சதை ஆறில் ஒரு பங்கு போய்விடும் என்றும் டாக்டர் சொன்னார். அம்மா தொடையைப் பார்த்த எனக்கு அதற்கு ஆதாரம் தேவைப்படவில்லை.

இப்போது வீட்டில் எப்படி என்றால், ஸ்டூலில் உட்கார்ந்து குளிக்கிறாள், உட்கார்ந்தே காய் நறுக்குகிறாள். கரண்டிக் காம்பில் துணி சுற்றிக் கொடுத்திருக்கிறேன், பிடி நழுவுவதில்லை. ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஏறும் படியில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்க வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அம்மா இரண்டு இடத்தில்தான் நிற்கிறாள், கேட்டால் முறைக்கிறாள். இராத்திரியில் சில நாள் பயந்து எழுந்து எங்கே இருக்கிறோம் என்று கேட்கிறாள். அதுவும் ஐசியூவிலிருந்து வந்தவர்களுக்கு இருப்பதுதானாம், மெதுவாகத்தான் போகும். நீ போனில் "ஒண்ணும் செய்யாதீங்கம்மா, ரெஸ்ட் எடுங்க" என்று சொல்வதை மட்டும் தயவுசெய்து நிறுத்து. அன்று முழுக்க அதைச் சொல்லிக்கொண்டே படுத்துவிடுகிறாள்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு அவள் போனுக்கே கூப்பிடு. நான் எடுத்துக் கொடுக்கப் போவதில்லை. விரல் அந்தப் பச்சை வட்டத்துக்குப் போய்த் தள்ள நேரமாகும், முதல் தடவை தவறியும் போகும். மணி அடித்து ஓய்ந்தால் மறுபடி கூப்பிடு.

அன்புடன்,
அப்பா